பத்தாம் வசனம்

அன்புள்ள டீச்சரம்மா,

ஸ்தோத்திரம். நான் மாந்தலேயில் இருக்கிறேன். வயது 29. கல்லூரிப் படிப்பு 2020-இல் நின்றது, நின்றதுதான். பினாங்கில் இருக்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் பேப்பர் எங்கேயோ நின்றுவிடுகிறது. 2022 புது வருட ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 40 நாள் உபவாசமும் இருந்தேன். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியர் தலையில் கைவைத்து, மூன்று மாதத்தில் கதவு திறக்கும் என்றார். திறக்கவில்லை. மார்ச் 2025 நிலநடுக்கத்தில் வீட்டுச் சுவரும் போனது. சபையிலும் தமிழ் ஆராதனை மாதத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது, மற்ற வாரங்களில் பர்மிய மொழிதான். எல்லாம் கையைவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது. தேவன் உண்மையுள்ளவர் என்றால் ஏன் இவ்வளவு தாமதம்? என் விசுவாசம் போதவில்லையா? பெகுவில் சித்தி ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், கணக்கு எழுதக் கூப்பிடுகிறார். போனால் வாக்குத்தத்தத்தை நம்பாதவள் ஆகிவிட மாட்டேனா?

(பெயர் வேண்டாம்), மாந்தலே

*

அன்புள்ள மகளே,

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் அப்பாவின் தகரப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் வருடா வருடம் செய்கிற வேலை. மூடியின் உள்பக்கம் அப்பா நீல மையில் எழுதிய வசனம் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறது. எரேமியா 29:11. உன் அட்டையில் இருக்கும் அதே வசனம். அதனால்தான் மேசையில் கிடக்கிற மற்றக் கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

விசுவாசம் போதவில்லையா என்று கேட்கிறாய். அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடு. நாம் உண்மையில்லாதவர்களாய் இருந்தாலும் அவர் உண்மையுள்ளவர் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். நீ எவ்வளவு நம்புகிறாய் என்று நிறுத்துப் பார்த்து அதற்குத் தக்கபடி உண்மையாயிருக்கிற தேவன் இல்லை அவர். உபவாசம் இருந்தது நல்லது. ஆனால் கடைக்காரருக்கு முன்பணம் கட்டியது போல அதை எழுதியிருக்கிறாய், அது எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ் ஆராதனை குறைந்ததைத் தேவன் நம்மைக் கைவிட்டதற்கு அடையாளமாகச் சொல்லாதே. வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்காத நம் சோம்பலை அவர் தலையில் போடக் கூடாது. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன், கோபமாகத்தான் எழுதுவேன்.

பெட்டிக்கு வருகிறேன்.

அப்பா ரங்கூனில் ஒரு தமிழர் ஜவுளிக்கடையில் கணக்கர். 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. முதலாளி போனார், பெயர்ப்பலகை போனது, கடைக்கு ஒரு நம்பர் வந்தது. மே 17-ஆம் தேதி 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அப்பா சேர்த்துவைத்திருந்தது எல்லாம் 100 கியாட் நோட்டுகளாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது 6 வயது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து நோட்டுகளை மறுபடி மறுபடி எண்ணியது நினைவிருக்கிறது. எண்ணி என்ன ஆகப்போகிறது என்று அம்மா கேட்கவில்லை. அன்று மாலை பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி முந்தியில் அரிசி கட்டிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருடமும் அதற்கடுத்த வருடங்களிலும் நம்மவர்கள் லட்சத்துக்கும் மேல் கப்பல் ஏறிப் போனார்கள். சென்னையில் பர்மா காலனி, பர்மா பஜார் என்று பெயர் இருப்பதெல்லாம் அவர்களால்தான். அப்பாவும் பெயர் கொடுத்தார். பெட்டி கட்டினார். நான்கு வேட்டி, அம்மாவின் கூறைப்புடவை, ஞானஸ்நானச் சான்றிதழ்கள், தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினர்களின் விலாசம். மூடியில் வசனம். புறப்பட இருந்த மாதத்தில் அப்பாயிக்குப் பக்கவாதம் வந்தது. படுக்கையில் கிடக்கிறவரைக் கப்பலில் ஏற்ற முடியாது, விட்டுவிட்டும் போக முடியாது. அப்பாயி 1968 வரை இருந்தார். அதற்குள் டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணம் மருந்துக்கே போய்விட்டது.

அப்பா பெட்டியைப் பிரிக்கவில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

எங்கள் வீடு ரங்கூன் தாக்கேத்தாவில், மூங்கில் தட்டியும் ஓலைக்கூரையுமாக இருந்தது. ஓலை மாற்ற வேண்டும் என்று அம்மா சொன்னால், "போகப்போற வீட்டுக்கு எதுக்குடி புது ஓலை?" என்பார். மழையில் நாங்கள் மூலைக்கு மூலை பாத்திரம் வைத்துக்கொண்டு படுத்தோம். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஊருக்குப் போய்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். 1965-இல் இங்கே தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது அவர் எண்ணத்தை இன்னும் உறுதியாக்கிவிட்டது. மூன்று வருடம் நான் வீட்டிலேயே இருந்தேன், மகளே. 9 வயதில் அம்மா அப்பாவிடம் சொல்லாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பர்மியப் பள்ளியில் முதல் வகுப்பில் உட்கார வைத்தாள். என் இடுப்பு உயரத்துப் பிள்ளைகளோடு க ஜீ, க க்வே என்று பர்மிய எழுத்துகளைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கம் இந்த 67 வயதிலும் முழுதாகப் போகவில்லை.

அம்மா இன்னொன்றும் செய்தாள். முருங்கைப் போத்து ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டாள். அப்பாவுக்குக் கோபம். கப்பல் வந்தால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போவாயா என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் போத்தின் தலையில் சாணி உருண்டையை வைத்து அமுக்கினாள். மறு வருடமே காய்த்தது. பர்மியர்கள் தந்தலூன் என்று விரும்பி வாங்குவார்கள். கட்டுக் கட்டாக விற்றாள். முதல் கட்டு அரிசி கொண்டுவந்த பாட்டிக்குப் போனது. என் பள்ளி நோட்டுகள் அந்த மரத்தில் காய்த்தவை என்றே சொல்லலாம்.

அப்பாவைக் குறை சொல்வதாக நினைக்காதே. அவரைப் போல ஜெபித்த மனிதரை நான் பார்த்ததில்லை. விடியற்காலை 4 மணிக்கு முழங்காலில் இருப்பார். ஒவ்வொரு புது வருட ஆராதனையிலும் "இந்த வருடம்" என்பார். 1989-இல் அவரை அடக்கம் செய்த பிறகுதான் பெட்டியைத் திறந்து, மூடியில் இருந்த வசனத்துக்கு நேராக வேதாகமத்தைப் பிரித்து முழு அதிகாரத்தையும் வாசித்தேன். அதுவரை நானும் உன்னைப் போல அந்த ஒரு வசனத்தைத்தான் படித்திருந்தேன்.

இப்போது நீ வேதாகமத்தை எடு. அட்டையைக் கீழே வை. இந்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம். பதினோராம் வசனத்துக்கு முன்னால் பத்தாம் வசனம் இருக்கிறது. பாபிலோனில் 70 வருடம் முடிந்த பிறகு உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார் கர்த்தர். எழுபது! அந்தக் கடிதம் பாபிலோனில் வாசிக்கப்பட்டபோது உட்கார்ந்து கேட்டவர்களில் உன் வயதுப் பெண் ஒருத்தி இருந்திருப்பாள். அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டிருப்பாள். திரும்பிப் போகிற நாளை அவள் பார்க்கப்போவதில்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று சொல்லப்பட்டது. அவள் ஊர் திரும்பாமலே அது அவளுக்கு எப்படி உண்மையாயிற்று? ஐந்தாம் வசனத்தைப் பார். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். ஆறில் கல்யாணம், பிள்ளைப்பேறு. ஏழில், சிறைப்பட்டுப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறார். எட்டில், உங்கள் நடுவே இருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க விடாதீர்கள் என்கிறார். இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் பதினொன்றுக்கு வருகிறார். நம் அட்டைகளில் பதினொன்று மட்டும் ரோஜாப்பூப் படத்தோடு அச்சாகி வருகிறது. இதை எத்தனை போதகர்களிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா! புது வருட இரவில் 70 வருடம் என்று அட்டை கொடுத்தால் யார் வாங்குவார்கள் என்று ஒருவர் கேட்டார். வாங்காவிட்டால் போகட்டும். பாதி வசனத்தைக் கொடுத்து ஒரு பிள்ளையை நான்கு வருடம் உட்கார வைப்பதைவிட வெறுங்கையாக அனுப்புவது மேல்.

முந்தின அதிகாரத்தில் அனனியா வருகிறான், அதையும் படி. எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் சொன்னவன். அவன் சொன்னது ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் செத்துப்போனான். நாளைக் கேட்கத்தான் ஜனங்கள் ஓடுகிறார்கள், அதனால்தான் நாள் சொல்கிறவர்களும் வருகிறார்கள். உன் தலையில் கைவைத்தவர் மீது எனக்கு இருக்கும் கோபத்தில் கொஞ்சம் உன் மீதும் இருக்கிறது. ஏன் அவரிடம் நாள் கேட்டாய்?

அமெரிக்காவிலிருந்து இங்கே ஊழியத்துக்கு வந்த ஜட்சன் ஐயா கதையைச் சபையில் கேட்டிருப்பாய். 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கி, 1819 ஜூனில்தான் முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆறு வருடம் காத்திருந்தார், பலன் வந்தது என்று பிரசங்கம் பண்ணுவார்கள். அந்த ஆறு வருடத்தில் அவர் பர்மிய மொழியைக் கற்றார், மத்தேயுவை மொழிபெயர்த்து 1817-இல் அச்சிட வைத்தார், பாதையோரம் வழிப்போக்கர்கள் உட்கார ஒரு ஸயாத் கட்டினார், எட்டு மாதக் குழந்தையையும் இந்த மண்ணில் புதைத்தார். பிரசங்கத்தில் இதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. 1826-இல் மனைவி ஆன் இறந்தார். அடுத்த வருடம் சின்ன மகளும் போனாள். வேதாகமம் முழுவதும் பர்மிய மொழியில் முடிந்தது 1834-இல். தேவன் உண்மையுள்ளவர் என்பதை அவர் எந்த நாளில் கண்டுகொண்டார் என்று என்னைக் கேட்டால், ஞானஸ்நானம் நடந்த அந்த ஒரு நாளை மட்டும் காட்ட மாட்டேன்.

அப்பா இறந்த பிறகு ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன், அப்பா இவ்வளவு நம்பினாரே, கப்பல் வரவில்லையே என்று. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "64-லயே பட்டினி கிடந்து செத்திருக்க வேண்டியவங்க நாம. அந்தப் பாட்டி அரிசி கொண்டாந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சரி, பெகு. போ. அண்ணன் பேப்பர் வந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். சித்தியின் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக எழுது, கடை முடிந்து வந்ததும் தெருப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது அ, ஆ சொல்லிக்கொடு. தமிழ் ஆராதனை போய்விட்டது என்று எனக்கு எழுதுகிற கையால் அதையும் செய்யலாம்.

அம்மா நட்ட மரம் இப்போது இல்லை, ஆனால் அதிலிருந்து வெட்டி நட்டது என் வீட்டில் நிற்கிறது. ஜூன் மழைக்கு முன் பெகுவுக்கு வருகிற வேலை இருக்கிறது. கடைக்குப் பின்னால் வெயில் படுகிற இடம் ஏதாவது உண்டா என்று சித்தியிடம் கேட்டு எழுது. போத்து ஒன்று கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
டீச்சரம்மா