வெளிமாநிலத்துக்கு வீடு மாறுகிறீர்களா? வாசகர் கேள்வி-பதில்

கணவருக்கு மதுரையிலிருந்து புனேவுக்கு மாற்றலாகிவிட்டது. இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமான் இருக்கிறது. மூன்று பேக்கர்ஸிடம் விசாரித்தோம். ஒருவர் சொல்லும் தொகை இன்னொருவர் சொல்வதில் பாதிதான். செலவைக் குறைக்க என்ன வழி?
*வாசகி, மதுரை*

தொலைதூர வாடகையில் எடையைவிட, சாமான் வண்டியில் அடைக்கும் இடத்துக்குத்தான் காசு. எனவே விலை பேசும் முன்பு டேப் வைத்து வீட்டை அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கினால் கனஅடி கிடைக்கும். ஒரு கதவு ஃபிரிட்ஜ் ஏறக்குறைய 20 கனஅடி, வாஷிங் மெஷின் 12, இரும்பு பீரோ 30, ஆறடிக்கு ஐந்தடி மெத்தை 15. ஒன்றரை அடி சதுர அட்டைப்பெட்டி முப்பது சேர்ந்தால் 100 கனஅடி. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று மட்டும் 60-ஐத் தாண்டும், அதாவது மூன்று ஃபிரிட்ஜுக்கான இடம். சோபா, பிளைவுட் ஷெல்ஃப், பிளாஸ்டிக் டிரம், பழைய டைனிங் டேபிள் போன்றவற்றை இங்கேயே விற்றுவிட்டுப் போவதுதான் லாபம். பிளைவுட் சாமானை ஒருமுறை கழற்றி மாட்டினாலே ஸ்க்ரூ பிடிக்காமல் ஆடத் தொடங்கிவிடும். அதற்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வாடகை கொடுக்கத் தேவையில்லை.

மிஞ்சுவது 300 கனஅடிக்குள் இருந்தால் தனி லாரி வேண்டாம். 14 அடி லாரியில் சுமார் 500 கனஅடி இடம் உண்டு. முழு வண்டி பிடித்தால் காலி இடத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். பிறர் சாமானோடு சேர்ந்து போகும் ஷேரிங் கன்டெய்னரைக் கேளுங்கள். அதில் ஒரு கேள்வி முக்கியம்: "மதுரையில் ஏற்றும் வண்டியே புனேயில் இறக்குமா, வழியில் கோடவுனில் மாற்றுவீர்களா?" சாமான் உடைவது பெரும்பாலும் ஓடும் வண்டியில் அல்ல, கோடவுனில் இறக்கி ஏற்றும்போதுதான். வண்டி மாறாது என்று எழுதிக் கொடுப்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

முழு வண்டிதான் தேவை என்றால் லாரி புக்கிங் ஆபீஸில் ரிட்டர்ன் வண்டி இருக்கிறதா என்று விசாரியுங்கள். மகாராஷ்டிராவிலிருந்து லோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் எம்.எச். பதிவு வண்டி, இங்கிருந்து புறப்படும் வண்டியைவிடக் குறைவாகக் கேட்கும். ஆனால் அது வரும் நாள்தான் உங்களுக்கு நாள். சாமானைக் கட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். திறந்த வண்டியானால் இரட்டைத் தார்ப்பாய் கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் மழைக்காலம் என்பதால் அந்த மாதங்களில் மூடிய கன்டெய்னர்தான் சரி.

அடுத்தது ரயில். ஸ்லீப்பர் டிக்கெட் ஒன்றுக்கு 40 கிலோ இலவசம். நான்கு பேர் போனால் 160 கிலோ. துணிமணி, பித்தளைப் பாத்திரம், குக்கர் எல்லாம் இதிலேயே அடங்கிவிடும். பெட்டிக்குள் கொண்டுபோகும் டிரங்க் 100 செ.மீ. நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டதை வண்டி புறப்பட அரை மணிக்கு முன்பாவது லக்கேஜ் ஆபீஸில் கொடுத்து ரயிலின் சரக்குப் பெட்டியான பிரேக் வேனில் ஏற்றுங்கள். புக் செய்யாமல் கூடுதல் எடையோடு பிடிபட்டால் ஆறு மடங்குவரை வசூலிப்பார்கள்.

விலைக்கு வருவோம். பாதி விலை சொன்னவர் வீட்டுக்கு வந்து பார்த்தாரா, போனில் சொன்னாரா? போனில் சொன்ன விலை லாரி நிறைந்ததும் ஏறும். வீட்டுக்கு ஆளை வரவழைத்து, சாமான் பட்டியலோடு எழுத்தில் விலை வாங்குங்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கூலி, டோல், ஜிஎஸ்டி எல்லாம் அதில் அடக்கமா என்பதும் எழுத்தில் வேண்டும். மாதக் கடைசியையும் மே, ஜூனையும் தவிர்த்து, 10-லிருந்து 20-ந் தேதிக்குள் ஒரு வார நாளில் ஏற்றினால் பேரம் பேச இடமிருக்கும்.

பேக்கிங்கை நாமே செய்தால் மிச்சமாகுமா?
*வாசகர், ஈரோடு*

பாதியை நீங்கள் செய்யுங்கள். நீங்கள் கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பொறுப்பில்லை என்பதுதான் பெரும்பாலான கம்பெனிகளின் நிபந்தனை. ஆகவே உடையாததை நீங்கள் கட்டிவிட்டு டிவி, கண்ணாடி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றை அவர்களிடம் விடுங்கள். ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டி வாங்குங்கள், எந்தப் பெட்டியும் 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் தூக்குகிறவர் கை நழுவும், அடித்தாளும் பிளக்கும். பீங்கான் தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி, இடையே செய்தித்தாள் வையுங்கள். கட்டில் ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே டேப் ஒட்டிவிடுங்கள். பீரோ கண்ணாடியைக் கழற்றித் தனியாகக் கட்டுவது நல்லது.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி., கிரைண்டர்: எதை எப்படித் தயார் செய்வது?
*வாசகி, சேலம்*

ஃபிரிட்ஜை ஒரு நாள் முன்பே அணைத்து, ஐஸ் முழுக்கக் கரைந்து, பின்பக்கத் தண்ணீர்த் தட்டும் காலியான பிறகே கட்ட வேண்டும். நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். வழியில் படுக்க வைத்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும். வந்ததும் நிமிர்த்தி ஒரு நாள் விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில் பலரும் கோட்டைவிடுவது டிரான்ஸிட் போல்ட்டை. மெஷின் வாங்கியபோது பின்பக்கத்திலிருந்து கழற்றிய நீளமான போல்ட்டுகள், பெரும்பாலும் நான்கு. அவை இல்லாமல் அனுப்பினால் டிரம் ஸ்பிரிங்கில் ஆடி ஆடி ஷாக் அப்ஸார்பர் போய்விடும். தொலைந்திருந்தால் உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் வாங்குங்கள். புது வீட்டில் மெஷினை ஓட்டும் முன்பு கட்டாயம் கழற்ற வேண்டும். கழற்றாமல் ஸ்பின் போட்டால் மெஷினே குதிக்கும்.

ஸ்பிளிட் ஏ.சி.யைக் கழற்றும்போது கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டும் 'பம்ப் டவுன்' வேலையைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கூலிங்கில் ஓடும்போது முதலில் மெல்லிய குழாயின் வால்வை மூடி, கேஸ் உள்ளே போனதும் பெரிய குழாயின் வால்வையும் மூடி, உடனே அணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் நட்டைக் கழற்றினால் கேஸ் மொத்தமும் வெளியேறும், அங்கே போய் முழு கேஸ் நிரப்பும் செலவு உங்கள் தலையில் விழும். சில ஏ.சி.களில் இருக்கும் ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம்.

வெட் கிரைண்டரில் குழவிக்கல்லைக் கழற்றித் துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். கல் உள்ளேயே இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் டிரம்மை இடிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆசிட் இருப்பதால் அதை வீட்டுச் சாமானோடு அனுப்பவே வேண்டாம். இங்கேயே பேட்டரிக் கடையில் கொடுத்துவிட்டு, போன இடத்தில் வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

பைக்கைக் கோவையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் அனுப்ப வேண்டும். என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
*வாசகர், கோவை*

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், அடையாள அட்டை மூன்றின் அசலும் நகலும். பெட்ரோலை முந்தின நாளே வடித்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள். டேங்கில் பெட்ரோல் இருந்தால் பார்சல் ஆபீஸில் வாங்க மாட்டார்கள். கண்ணாடிகளைக் கழற்றி, ஹேண்டில் லாக் போடாமல் கொண்டுபோங்கள். பார்சல் ஆபீஸ் வாசலிலேயே கோணியும் வைக்கோலும் வைத்துக் கட்டிக்கொடுப்பவர்கள் இருப்பார்கள். டேங்க், ஹெட்லைட், இண்டிகேட்டர் மூன்றுக்கும் தடிமனாகக் கட்டச் சொல்லுங்கள். பெயர், போன் எண், புறப்படும் நிலையம், சேரும் நிலையம் நான்கையும் இரண்டு இடத்திலாவது எழுதுங்கள்.

நீங்களும் அதே ரயிலில் போவதானால் டிக்கெட்டைக் காட்டி 'லக்கேஜ்' என்றே பதிவு செய்யுங்கள். பார்சலைவிடக் கட்டணம் கூடும், ஆனால் கூடவே வந்து சேர வாய்ப்பு அதிகம். டிக்கெட்டின் இலவச 40 கிலோ பைக்குக்குச் செல்லாது.

படிவத்தில் வண்டியின் மதிப்பை அறிவித்து, அதற்கான சதவீதக் கட்டணத்தையும் கட்டுங்கள். கட்டாவிட்டால் தொலைந்தாலும் சேதமானாலும் ரயில்வேயின் பொறுப்பு பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய், லக்கேஜுக்கு 100 ரூபாய்தான். 100 கிலோ பைக்குக்குப் பார்சலில் அதிகபட்சம் 5,000 ரூபாய்! போய்ச் சேர்ந்ததும் தாமதிக்காமல் எடுங்கள், இலவச நேரம் முடிந்ததும் மணிக்கணக்கில் வார்ஃபேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும்.

12 மாதத்துக்கு மேல் அங்கேயே ஓட்டுவதானால் மறுபதிவு கட்டாயம். படிவம் 28-இல் இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குங்கள். கடன் நிலுவை இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். டெல்லியில் சாலை வரி கட்டிய ரசீதை வைத்து இங்கே மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம். 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியை டெல்லிக்கு அனுப்பும் யோசனையையே விட்டுவிடுங்கள். இங்கேயே விற்பது நல்லது.

சிலிண்டரை என்ன செய்வது?
*வாசகி, தஞ்சாவூர்*

ரயிலிலும் லாரியிலும் கூடாது. சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்கள். அப்போது தரும் டெர்மினேஷன் வவுச்சரைப் பத்திரப்படுத்தினால் புது ஊரில் அதைக் காட்டி இணைப்பு பெறலாம். அடுப்பும் டியூபும் உங்களுடையவை, கொண்டுபோகலாம்.

வண்டி வந்து நின்ற பிறகு, "இ-வே பில் செலவு, செக்போஸ்ட் வரி" என்று 8,000 ரூபாய் கேட்டு, கொடுத்தால்தான் இறக்குவோம் என்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?
*வாசகர், ஓசூர்*

வேண்டாம். இ-வே பில் என்பது சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் மின்னணுச் சீட்டு. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு அது தேவையே இல்லை. ஜிஎஸ்டி விதி 138-இன் இணைப்புப் பட்டியலில் அதற்கு விலக்கு இருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து நுழைவு வரியும் கிடையாது. எழுத்தில் வாங்கிய விலையைக் காட்டிப் பேசுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சாமானைப் பிடித்து வைத்து மிரட்டினால் அங்குள்ள காவல் நிலையம். இந்த நிலை வராமலிருக்க முன்பணம் பத்து, இருபது சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டு, அதே பெயர் வருகிறதா என்று முதலிலேயே பாருங்கள். பிரபல கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி நடத்துபவர்கள் உண்டு.

உடைந்து வந்திருந்தால் டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போடும் முன்பே அதைக் குறிப்பிட்டு, போட்டோவும் எடுங்கள். 2007-ஆம் வருடச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்குப் போட முடியும். லாரி ரசீதில் சாமானின் மதிப்பைக் கூடுதலாக அறிவித்து, அந்தப் பொறுப்புக்கான கட்டணத்தைக் கட்டியிருக்காவிட்டால், இழப்பீடு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். நுகர்வோர் ஆணையத்தில் புகாரை நீங்கள் இப்போது வசிக்கும் ஊரிலேயே பதியலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

அறுபது கிலோ புத்தகம் இருக்கிறது. விடவும் மனமில்லை.
*வாசகர், திருநெல்வேலி*

விட வேண்டாம். அஞ்சல் துறை 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒரு சேவை தருகிறது. கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களைத் தரைவழியில் 5 கிலோ வரை 100 ரூபாயும் வரியும் கட்டி அனுப்பலாம். பன்னிரண்டு, பதிமூன்று கட்டு போதும். அட்டையும் கயிறும் சேர்த்து 5 கிலோவைத் தாண்டாதபடி எடைபோட்டுக் கட்டுங்கள். பதிப்பகத்தின் பெயர் அச்சிட்ட நூலாக இருக்க வேண்டும், வார மாத இதழ்களை இதில் ஏற்க மாட்டார்கள். மழை மாதமானால் ஒவ்வொரு கட்டையும் முதலில் பாலிதீனில் சுற்றிவிட்டுப் பிறகு காகிதம் சுற்றுங்கள்.