சிவப்பணு பெருத்தால் புற்றுநோயா?

உங்கள் கடிதத்தைப் படித்தேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், 114 என்பதைப் பார்த்துவிட்டுச் செல்போனில் தேடினீர்கள்; அது ரத்தப் புற்றுநோய் என்றது; மூன்று நாளாகத் தூக்கமில்லை. அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள் அம்மா. உங்கள் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரியாக இருக்கின்றன. நான் புற்றுநோயை முதலில் நினைக்கும் ரிப்போர்ட் இது இல்லை. எம்.சி.வி. பெரியவர்களுக்கு 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். 

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அதுதான். காலில் செருப்பு நழுவினாலும் தெரிவதில்லை, முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளுகிறது, "சுகரால்தானே டாக்டர்?" சுகர் என்று மட்டும் விட்டுவிட முடியாது. 54 வயது, சைவம், 11 வருடமாக மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை. சைவ உணவு, மெட்ஃபார்மின் இரண்டுமே பி12 வைட்டமினைக் குறைக்கக்கூடியவை, அதனால் நான் முதலில் தேடுவது பி12 குறைவைத்தான். அந்த வைட்டமின் இல்லாவிட்டால் எலும்பு மஜ்ஜையில் அணு வளரும், நேரத்துக்குப் பிரியாது. பருத்தபடியே வெளியே வரும். அதே குறைவு தண்டுவடத்தின் பின்பக்க நரம்புகளையும் கெடுக்கும். பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவை அவை. கண் திறந்திருந்தால் பார்வை சமாளித்துவிடும், மூடினால் தள்ளாட்டம்.

இந்த நிலையில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி இரண்டு மாதமாக ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. பி12 குறைவுக்கு ஃபோலிக் ஆசிட்டை மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறும், அணு சிறுக்கும், ரிப்போர்ட் அழகாகிவிடும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். அதை நிறுத்துங்கள். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இந்த வாரமே பொது மருத்துவரிடம் காட்டி பி12 அளவைப் பாருங்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்முன் சத்து ஊசி எதுவும் போட்டுக்கொண்டால் அளவு பொய்யாக ஏறி நிற்கும். தைராய்டு, கல்லீரல் கோளாறிலும் அணு பருக்கும், அவற்றையும் அவர் பார்ப்பார். குறைவு உறுதியானால் ஊசிதான். நரம்பைத் தொட்ட பிறகு மாத்திரையில் தொடங்குவதில்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள், ஆகவே ஊசி தொடங்கிய பத்தாம் நாள் லேபுக்கு ஓடி எம்.சி.வி. இறங்கவில்லையே என்று பதறாதீர்கள். நான்கு மாதம் கழித்தும் இறங்காவிட்டால் மஜ்ஜைப் பரிசோதனையைப் பற்றிப் பேசலாம். மரத்துப்போன கால் அப்படிக் காத்திருக்காது. தாமதித்தால் முழு உணர்ச்சி திரும்பாமலே போகலாம்.

அதுவரை இரவில் எழுந்தால் விளக்கைப் போட்டுவிட்டு நடங்கள்.