"கண்ணை மூடினால் கறுப்பாக இருக்கிறது": ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மன ஒத்திகை உதவுமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. நாலு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். நன்றாகப் பேசுவான், கணக்கில் கெட்டி. ஆனால் சட்டைப் பொத்தான் போட இன்னும் நான் வேண்டும். பஸ் ஏறும்போது கம்பியைப் பிடித்தால் கால் நின்றுவிடுகிறது. காலைத் தூக்கினால் கை கம்பியை விட்டுவிடுகிறது. பி.டி. மாஸ்டர் சோம்பேறி என்கிறார். விளையாட்டு வீரர்கள் போல கண்ணை மூடி மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இரண்டு வாரம் செய்து பார்த்தோம். "ஒண்ணும் தெரியலம்மா, கறுப்பா இருக்கு" என்கிறான். எங்கே தப்பு செய்கிறோம்?
– ஒரு தாய், திருவான்மியூர்

பதில்: உங்கள் மகன் சொன்னதை அப்படியே நம்புங்கள். கண்ணை மூடினால் உள்ளே படமே ஓடாதவர்கள் உலகில் உண்டு, ஆட்டிசம் இல்லாதவர்களிலும் உண்டு. 2015இல் இதற்கு அஃபாண்டேசியா என்று பெயரும் வைத்தார்கள். அவன் அந்த வகையா என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டாம். ஏனென்றால் அசைவை மனதில் ஓட்டிப் பார்க்கப் படம் தேவையில்லை. விரலில் என்ன பட்டது, தோள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற உணர்வு திரும்ப வந்தால் போதும். அந்த உணர்வு வர, முதலில் கை அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். செய்யத் தெரியாத வேலையை நினைத்துப் பார்க்கச் சொன்னதுதான் நடந்த தவறு.

சோம்பேறி என்ற சொல்லை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் எழுதிய கட்டுரையிலேயே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் உடல் தடுமாற்றம் பதிவாகியிருக்கிறது. 2010இல் 51 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்டிசத்தில் அசைவு ஒருங்கிணைப்புச் சிக்கல் பெரிய அளவில் இருப்பது தெரிந்தது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பெற்றோர் நிரப்பிய கேள்வித்தாளின்படி, ஆட்டிசம் உள்ள 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 87 சதவீதம் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்க வாய்ப்புண்டு என்று வந்தது. பி.டி. மாஸ்டரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். பையன் முயலாமல் இல்லை. மற்றவர்களைவிட இரட்டிப்பாக முயல்கிறான், அதனால்தான் சீக்கிரம் களைத்துப் போகிறான்.

ஏன் இப்படி? இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துத் தரையில் காலை வைத்தால் உடம்பே தூக்கிப் போடும். கால் தரையைத் தொடும் முன்பே, எப்போது தொடும், எவ்வளவு அழுத்தம் வரும் என்று மூளை கணித்து வைத்திருக்கிறது. கணிப்பு பொய்த்ததால் அந்த அதிர்ச்சி. சிறுமூளைக்கு இந்தக் கணிப்பில் பெரிய பங்கு உண்டு. ஆட்டிசத்தில் சிறுமூளை வேறு விதமாக அமைந்திருப்பது பல ஆண்டுகளாகவே ஆய்வுகளில் வந்துகொண்டிருக்கிறது. மன ஒத்திகை என்பது தசையை அசைக்காமல் இந்தக் கணிப்பை மட்டும் ஓட்டுவது. கணிப்பே உறுதியாக இல்லாதபோது ஒத்திகை எப்படித் தெளிவாக வரும்?

இன்னொன்றும் உண்டு. 2009இல் வெளியான ஒரு பரிசோதனையில், ரோபோ கைப்பிடி ஒன்றைப் பிடித்துப் புதிய அசைவு பழகிய ஆட்டிசக் குழந்தைகள், கண்ணால் பார்ப்பதைவிடத் தங்கள் மூட்டும் தசையும் சொல்வதையே அதிகம் நம்பிக் கற்றார்கள். நூறு முறை "இங்க பாரு, அம்மா எப்படிப் போடறேன்" என்று காட்டியும் ஏறவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அவனுடைய ஆசிரியர் அவன் கைதான்.

ஒத்திகை அவனுக்குள் ஓடுகிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை எடுங்கள்: சோபாவிலிருந்து எழுந்து வாசல் கதவைப் போய்த் தொடுவது. "ஸ்டார்ட்", "ஸ்டாப்" அவன் சொல்லட்டும். செல்போனில் நேரத்தை நீங்கள் எடுங்கள். நிஜமாக நடந்து மூன்று முறை, பிறகு சோபாவில் உட்கார்ந்தபடியே நடப்பதாக நினைத்து மூன்று முறை. திரையை அவனிடம் காட்டாதீர்கள். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை, எட்டு விநாடி என்று தெரிந்தால் எட்டு வரை எண்ணிவிட்டு "ஸ்டாப்" சொல்லிவிடுவான். நிஜத்தில் 8 விநாடி, நினைப்பில் 6 முதல் 10 என்றால் ஓடுகிறது. ஒன்றிரண்டு விநாடியில் முடிந்தால், "எழுந்தேன், நடந்தேன், தொட்டேன்" என்று வாக்கியமாகச் சொல்லி முடித்திருக்கிறான். அடுத்து சமையலறைச் சுவர் வரை என்று தூரத்தைக் கூட்டுங்கள். நினைப்பு நேரமும் கூடவே கூடினால் சந்தேகமே வேண்டாம், உள்ளே ஏதோ நடக்கிறது, படம் தெரியாவிட்டாலும்.

இனி பொத்தான். இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தவறு நடக்கிறது. ஆண்கள் சட்டையில், போட்டிருப்பவரின் வலப்பக்கம் பொத்தான், இடப்பக்கம் காஜா. சட்டையை மேசையில் காலர் தூரத்தில் இருக்கும்படி விரித்துப் பழக்கினால் இடம் வலம் மாறிவிடும். நீங்கள் எதிரே உட்கார்ந்து காட்டினாலும் அதேதான். மேசையில் வந்தது மார்பில் வராது. அதனால் சட்டையை அவன் மடியில் விரியுங்கள், காலர் வயிற்றுப் பக்கம், கீழ்விளிம்பு முழங்கால் பக்கம். குனிந்து பார்த்தால் போட்டிருக்கும்போது தெரிவதுபோலவே தெரியும். நீங்கள் எதிரே வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள்.

முதலில் கெட்டியான பழைய துணியில் 10 ரூபாய் நாணயம் அளவுக்குப் பெரிய பொத்தான் தைத்து, தாராளமாகக் காஜா எடுத்துத் தரச் சொல்லுங்கள். தெரு முனை டெய்லர் செய்துவிடுவார். இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காஜா ஓரத்தைப் பிடிக்கும். வலது கை பொத்தானை விளிம்பில் பிடித்து, உண்டியலில் காசு போடுவதுபோல் செங்குத்தாக, கீழிருந்து காஜாவுக்குள் பாதி தள்ளும். இப்போது இடது விரல்கள் துணியை விட்டுவிட்டு, வெளியே தெரியும் பாதிப் பொத்தானைப் பிடிக்க வேண்டும். பிறகு வலது கை பொத்தானை விட்டு, மேல்துணியின் ஓரத்தைப் பிடித்து வலப்பக்கம் இழுக்கும். சொல்லாக மூன்றே போதும்: தள்ளு, பிடி, இழு.

தோல்வி எங்கே நடக்கிறது என்று அவன் விரல்களைக் கிட்டத்தில் பாருங்கள். பெரும்பாலும் "பிடி"யில்தான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் அந்தக் கணத்தில் இரண்டு கையும் சேர்ந்தே விட்டுவிடும், பொத்தான் உள்ளே நழுவிவிடும். பஸ்ஸில் கையும் காலும் ஒன்றுக்கொன்று காத்து நிற்பதும் இதே வகைதான். எனவே கடைசியிலிருந்து பழக்குங்கள். தள்ளுவதும் பிடிப்பதும் நீங்கள், இழுப்பது மட்டும் அவன். ஐந்து முறை தொடர்ந்து சரியாக வந்தால், பிடிப்பதையும் அவனிடம் விடுங்கள். தள்ளுவது கடைசியில். ஒவ்வொரு முறையும் பொத்தான் போட்டு முடித்த நிறைவு அவனுக்குக் கிடைக்கும். உண்மையான சட்டைக்கு வரும்போது கீழ்ப் பொத்தானில் தொடங்குங்கள், அது கண்ணுக்குத் தெரியும். காலர் பொத்தான் கண்ணுக்கே தெரியாதது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

கைக்கு ஓரளவு வந்த பிறகே ஒத்திகை. ஒருமுறை நிஜமாகப் போடட்டும். உடனே, விரலில் அந்த உணர்வு இருக்கும்போதே, கையை மடியில் வைக்கச் சொல்லி, "இடது கட்டைவிரல்ல என்ன பட்டுது?" என்று கேளுங்கள். வழவழப்பு, விளிம்பு, நூல் என்று எதைச் சொன்னாலும் சரி. பிறகு, "கையை அசைக்காம ஒரு தடவை தள்ளு, பிடி, இழு. முடிஞ்சதும் தலையாட்டு." கண்ணை மூடச் சொல்ல வேண்டாம்; வெறும் சுவரைப் பார்த்தாலே போதும். விரல் லேசாக அசைந்தால் தடுக்காதீர்கள், அது உதவிதான். அடுத்து மறுபடி நிஜம். நிஜம், நினைப்பு, நிஜம் என்று மூன்று சுற்று, ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். "உன்னையே டிவியில பாக்கற மாதிரி நினை" என்று மட்டும் சொல்லாதீர்கள். வெளியிலிருந்து பார்ப்பது வேறு வேலை, விரலின் உணர்வு அதில் வராது.

மூன்று வாரத்தில் நினைப்பால் பயன் தெரியாவிட்டால் அதை மட்டும் விட்டுவிடுங்கள், கைப் பழக்கம் தொடரட்டும். ஆட்டிசம் இல்லாமல் அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு இந்த மன ஒத்திகை உதவியிருக்கிறது. ஆட்டிசத்தில் ஆய்வு முடிவுகள் இன்னும் ஒரே திசையில் இல்லை. அதனால் இதை அவன் முயற்சிக்கு வைக்கும் பரீட்சையாக ஆக்காதீர்கள்.

பஸ்ஸுக்கு வருவோம். வீட்டுப் படியைவிட முதல் படி உயரம், முதுகில் பை, பின்னால் ஆட்கள், கண்டக்டர் விசில். இத்தனைக்கும் நடுவில் பழகவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நிற்கிற பஸ்ஸில், டிரைவர் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஏறி இறங்கட்டும், முதலில் பை இல்லாமல். வரிசை: கம்பியில் கை, நில், கால் மேலே, இன்னொரு கால். அந்த "நில்" ஒரு நொடி கட்டாயம் வேண்டும். கையும் காலும் ஒரே சமயம் வேலை செய்ய வேண்டிய நெருக்கடியை அது எடுத்துவிடுகிறது. பிறகு பையோடு. செல்போனை அவன் கண் உயரத்தில், தோளை ஒட்டிப் பிடித்து, அவன் கை கம்பிக்குப் போவது தெரியும்படி பத்து விநாடி வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்பில் காத்திருக்கும்போது அதைப் பார்ப்பதே அவனுக்கு ஒத்திகை. நகரும் பஸ்ஸில் ஏறவே கூடாது என்பது விதியாகவே இருக்கட்டும். தாழ்தளப் பேருந்து வந்தால் அதற்காகக் காத்திருப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

பழக்கும்போது கை வைப்பதற்கு முன் அவனைக் கேளுங்கள். சம்மதித்தால் உங்கள் கை அவன் கைக்கு அடியில் இருக்கட்டும். மேலிருந்து அழுத்திப் பிடித்து நடத்தினால் அசைவு உங்களுடையதாகிவிடும். செய்யும்போது பேசாதீர்கள், பேச்சு முடிந்த பிறகு கை. பள்ளி விட்டு வந்த களைப்பில் வேண்டாம். கை உதறுவதும் ஆடுவதும் அவன் தன்னை நிதானப்படுத்திக்கொள்ளும் வழி, அவற்றை இந்தப் பயிற்சியோடு சேர்த்துத் திருத்த முயலாதீர்கள்.

சில அறிகுறிகளுக்குப் பயிற்சி பதில் ஆகாது, டாக்டர்தான் வேண்டும்: முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போவது, ஒரு பக்கம் மட்டும் வலுவிழப்பது, விழுவது அதிகமாவது, தரையிலிருந்து எழத் தொடையில் கை ஊன்றி ஏறுவது. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்தில் உடல் விறைப்போ நடுக்கமோ, வால்ப்ரோயேட்டில் நடுக்கமோ வரக்கூடும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். கண் பரிசோதனையும் ஒருமுறை அவசியம்.

அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அசைவு மதிப்பீடு கேளுங்கள். முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் கேட்கலாம். போனதும், "பொத்தான் போட வேண்டும், பஸ் ஏற வேண்டும்" என்று இலக்கைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஊஞ்சலும் பெரிய பந்தும் பிள்ளைக்குப் பிடிக்கும், ஆனால் அவற்றால் மட்டும் பொத்தான் போட வராது. எந்த வேலை வேண்டுமோ அதையே பழக்குவதுதான் பலன் தரும்.

ஷூவுக்கு நாடா கட்ட வைப்பதை இந்த வருடம் விட்டுவிடுங்கள், ஒட்டும் பட்டை வைத்த ஷூவே போதும். ஒரு சமயத்தில் ஒரு வேலை. ஜூனில் புதுச் சீருடை வாங்கினால் கஞ்சி போகும்வரை மூன்று முறை துவைத்து, காஜாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்து, பொத்தானைத் துணியிலிருந்து சற்றுத் தளர்வாக, நூல் காம்பு விட்டுத் தைத்துக் கொடுங்கள்.