ஹார்டு டிஸ்க்கை மாற்றியும் அலுவலக சர்வரில் கோப்புகள் கெட்டுப்போகின்றனவே, ஏன்?

டிஸ்க்கை மாற்றியும் வாரம் இரண்டு மூன்று எக்செல் கோப்புகள் திறக்க மறுக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்ததாக ராமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தைச் சோதியுங்கள்.

நான் கவனித்துவந்த ஒரு தணிக்கை அலுவலகத்திலும் இதேதான் நடந்தது. டிஸ்க்கை இருமுறை மாற்றினோம். கோப்பைச் சரியாக மூடுவதில்லை என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மீது பழி விழுந்தது. அதை நானும் நம்பினேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

கடைசியில் உண்மையைக் காட்டியது ஓர் எளிய சோதனை. சர்வரில் 16 ஜிபி ராம் இருந்தது. யாரும் தொடாத 30 ஜிபி கோப்பு ஒன்றுக்கு, விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையால் ஷா-256 ஹாஷ் எடுத்தேன். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்றது; கோப்பு மாறாதவரை அதுவும் மாறக்கூடாது. சற்று நேரம் கழித்து மறுபடியும் எடுத்தேன். விடை மாறியிருந்தது. மூன்றாம் முறை, முதலில் வந்ததே திரும்ப வந்தது. கோப்பு ராமைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். சிறியதென்றால் விண்டோஸ் டிஸ்க்கைத் தொடாமல், நினைவகத்தில் வைத்திருக்கும் நகலையே படித்துவிடும். டிஸ்க் பழுதானால் பெரும்பாலும் 'படிக்க முடியவில்லை' என்று பிழை காட்டும். சத்தமில்லாமல் தவறான தரவைத் தருவது அரிது. அன்றிரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓட்டியதில் ஒரு ராம் பழுது என்று தெரிந்தது.

எக்செல் மட்டும் ஏன் கெடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. ஒரு பிட் மாறினாலே அதன் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகாது. மற்ற கோப்புகளும் கெட்டிருக்கலாம். அவை முறையிடாமல் திறந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

ராம் நன்றாக இருந்தால், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண்ணைப் பாருங்கள். கேபிள் வழியே தரவு போகும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை அது. அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

அதுவரை தயவுசெய்து டிஸ்க்கின் கோப்பமைப்பைச் சரிபார்க்கும் விண்டோஸ் நிரலான செக்டிஸ்க்கைத் திருத்தும் முறையில் ஓட்டாதீர்கள். பழுதான ராமோடு ஓடினால், நன்றாக இருக்கும் கோப்பமைப்பையும் அது தவறாகத் திருத்தி எழுதிவிடலாம். ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளில் எழுதும் ரெய்டு 1-ஐயும் நம்பவேண்டாம். ராமில் கெட்ட தரவை இரண்டு டிஸ்க்குகளிலும் அப்படியே எழுதிவைக்கும். அந்த அலுவலகத்தில் ஏழு நாள் சுழற்சியில் பேக்கப் எடுத்தார்கள்; எட்டாம் நாள் பழைய நகலின்மேல் புதியது எழுதப்படும். மூன்று மாதம் திறக்காத ஒரு கோப்பு தேவைப்பட்டபோது ஏழு நகல்களும் கெட்டிருந்தன. அச்சிட்ட தாள்களைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்தார்கள்.

உங்களிடம் உள்ள மிகப் பழைய பேக்கப் டிஸ்க்கை இன்றே கழற்றி, தனியே பூட்டி வையுங்கள்.