ஒரே படகில் இருவருக்குக் காசநோய். கிருமிகளின் ஜீனோமை (முழு டிஎன்ஏ தொகுப்பை) ஒப்பிட்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஆனால் இவரிடமிருந்து அவருக்கு வரவில்லை என்று அடித்துச் சொல்ல முடியும். பாம்பன் விசைப்படகில் ஒன்றாகத் தொழிலுக்குப் போகிறவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருவரின் கிருமிகளுடைய சீக்வென்ஸ் தரவும் (டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படித்த தரவு) கையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கலப்படம் பாருங்கள். கல்ச்சரில் (ஆய்வகத்தில் வளர்த்த கிருமியில்) வேறு பாக்டீரியா கலந்திருந்தால் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்களில் பொய்யான மாற்றங்கள் குவியும். கிராக்கன் என்ற மென்பொருளை ஓட்டி, அந்நிய ரீடுகளைக் (கருவி படித்த சிறு டிஎன்ஏ துண்டுகளை) கழித்த பிறகே எச்37ஆர்வி என்ற காசநோய்க் கிருமியின் ரெஃபரன்ஸோடு (ஒப்பிடுவதற்கான மாதிரி ஜீனோம்; 44 லட்சம் எழுத்து, 1998-ல் வெளியானது) பொருத்துங்கள். சராசரி ஆழம் (ஓர் இடத்தில் விழும் ரீடுகளின் எண்ணிக்கை) 30-க்குக் கீழே என்றால் திரும்பச் சீக்வென்ஸ் செய்வதே மேல். ஒரு மாற்றத்தை ஏற்க அங்கே 10 ரீடாவது விழுந்திருக்க வேண்டும், அவற்றில் 90 சதவீதம் ஒரே எழுத்தைச் சொல்ல வேண்டும். பிஈ, பிபிஈ மரபணுக்களை மறைத்துவிடுங்கள், அதாவது கணக்கில் எடுக்காதீர்கள். ஜீனோமில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அவை. ஒன்றைப்போல ஒன்று இருப்பதால் ரீடுகள் இடம் மாறி உட்காரும்.

பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில். இரண்டு விசிஎஃப் கோப்புகளை (ரெஃபரன்ஸிலிருந்து மாறிய இடங்களின் பட்டியல்) எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறார்கள். ஒருவரின் கோப்பில் ஓர் இடம் இல்லையென்றால் அங்கே மாற்றமில்லை என்று பொருளல்ல, ரீடே விழாமல் போயிருக்கலாம். இருவரிலும் தெளிவாகப் படிக்கப்பட்ட இடங்களை மட்டும் எண்ணுங்கள். இன்னொன்று: தென்னிந்தியாவில் அதிகம் கிடைப்பது லீனியேஜ் 1 (காசநோய்க் கிருமியின் ஒரு வம்சாவளி), எச்37ஆர்வியோ லீனியேஜ் 4. டிபிடி1 என்ற துண்டு லீனியேஜ் 1-ல் உண்டு, ரெஃபரன்ஸில் கிடையாது. அதற்குள் வரும் வேறுபாடு உங்கள் எண்ணிக்கையில் சேராது.

5 வேறுபாட்டுக்குள் இருந்தால் அண்மைப் பரவல், 12-ஐத் தாண்டினால் அநேகமாக இல்லை என்பது 2013-ல் வந்த இங்கிலாந்து ஆய்வின் வரம்பு. இந்தக் கிருமியில் மாறுவது ஆண்டுக்குச் சுமார் அரை எழுத்துதான். நோய் அதிகமுள்ள நம் ஊருக்கு அந்த வரம்பு பொருந்துமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதனால்தான் வடிகட்டிய முறையையும் எண்ணோடு சேர்த்து எழுதச் சொல்கிறேன். 300 வந்தால் பேச்சே இல்லை, தொடர்பு கிடையாது. 2 வந்தால் எந்தத் திசையிலும் போயிருக்கலாம், மூன்றாவது ஆளிடமிருந்து இருவருக்கும் வந்திருக்கலாம்.

கேட்காததையும் சொல்கிறேன், மனசு கேட்கவில்லை. கடற்கரை ஊர்களில் நோயாளிக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கிறார்கள், படகிலும் ஏற்றுவதில்லை. இது இருமும்போது காற்றில் பரவுவது, தட்டில் ஒட்டுவதல்ல. அவரை ஒதுக்குவதை விட்டு, அந்த அடைத்த கேபினில் கூடப் படுத்த எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அந்த மூன்றாவது ஆள் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.