‘என்ன வளர்க்கிறீர்கள்?’ என்று கேட்டார், ‘ஒன்றுமில்லை’ என்றேன்

கேள்வி:

வணக்கம். எனக்கு 58 வயது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பக்கம் பிறந்தவள். 1991-இல் இங்கிலாந்து வந்து, கிழக்கு லண்டனில் ஒரே தெருவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை. கடைசிப் பதினைந்து வருடம் மாத்திரைப் பொறுப்பும் என்னிடம்தான். கணவர் தவறி மூன்று வருடம் ஆகிறது. மகள் சாமர்செட்டில் இருக்கிறாள். “தனியாக இருக்க வேண்டாம்” என்று சொல்லிச் சொல்லியே, போன அக்டோபரில் தன் வீட்டுக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் எனக்குச் சின்ன வீடு ஒன்று எடுத்துத் தந்தாள்.

வீட்டின் முன்னால், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன தோட்டம். காட்டேஜ் கார்டன் என்பார்கள். வரிசை, ஒழுங்கு ஒன்றும் கிடையாது. ரோஜாவும் லாவண்டரும் கீரையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். நான் வந்தது குளிர்காலம், எது பூக்கன்று எது களை என்று தெரியவில்லை. மார்ச்சில் ஒரு நாள், தரையோடு கிடந்த சொரசொரப்பான பெரிய இலைக் கொத்துகள் பதினைந்து இருபதை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தேன். பக்கத்து வீட்டு அம்மா, எண்பது வயதிருக்கும், வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார். “அது ஃபாக்ஸ்குளோவ். இந்த வருடம் பூத்திருக்கும்” என்றார். பிறகு “பரவாயில்லை” என்றார். அந்தப் பரவாயில்லை இன்னும் என் காதில் நிற்கிறது.

அவரேதான் ஏப்ரலில் என்னைத் தோட்டப் பிரியர்களின் சங்கத்துக்குக் கூட்டிப் போனார். ஊர் மண்டபத்தில் மாதம் ஒரு மாலை கூடுவார்கள். நாற்பது பேர் இருக்கும், எல்லாம் வெள்ளைத் தலை. ஒருவர் படம் போட்டுக் காட்டி ஒரு மணி நேரம் கதைத்தார். அவர் சொன்ன லத்தீன் பெயர்களில் ஒன்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. தேத்தண்ணீர் நேரத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, “நீங்கள் என்ன வளர்க்கிறீர்கள்?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை” என்றேன். அதற்குமேல் என்ன கேட்பதென்று அவருக்கும் தெரியவில்லை. கோப்பையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஊரில் எங்கள் வளவில் செவ்வரத்தைக்கும் முருங்கைக்கும் துலாவில் தண்ணீர் இறைத்து ஊற்றியவள் நான். இங்கே ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் நாலு மிளகாய்க் கன்றும், அவ்வளவுதான். சங்கத்திலிருந்து வருடச் சந்தா கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மகள் “போங்கோ அம்மா” என்கிறாள். நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. சில இரவுகளில் நித்திரையும் இல்லை. இந்த வயதில் எனக்கு இது தேவையா?

— பெயர் வேண்டாம், சாமர்செட்

பதில்:

அன்புள்ள அக்கா,

சந்தா கட்டுவது இருக்கட்டும், அதற்கு அவசரமில்லை. முதலில் அந்த ‘ஒன்றுமில்லை’க்கு வருவோம். கடிதத்தில் கறிவேப்பிலையும் மிளகாயும் இருக்கின்றன. அந்த மண்டபத்தில் மட்டும் அவை எங்கே போயின? ஆங்கிலக் குளிரில் ஜன்னலோரத்தில் கறிவேப்பிலையைக் காப்பாற்றுவது சும்மா இல்லை. அதை நீங்களே தோட்டக் கணக்கில் சேர்க்கவில்லை, சமையல் கணக்கில் வைத்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். முதியோர் இல்லத்தில் புதிதாக வருகிறவரிடம் போய் உட்கார்ந்து, பெயர் கேட்டு, தேநீரில் சர்க்கரை எவ்வளவு என்று விசாரிப்பது உங்கள் வேலையாக இருந்தது. இப்போது புதிதாக வந்தவர் நீங்கள். கேட்டே பழகியவருக்கு, தன்னை ஒருவர் கேட்கும்போது வாய் அடைத்துப் போவது உண்டு. என்னிடம் வருகிற செவிலியர்களிடமும் ஆசிரியைகளிடமும் இதைப் பார்க்கிறேன். அதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை.

‘அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்’ என்ற எண்ணம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறதோ என்று தோன்றுகிறது. 2018-இல் எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. முதன்முதலாகப் பேசிக்கொண்ட இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்று ஒவ்வொருவரும் போட்ட கணக்கு, உண்மையில் பிடித்த அளவைவிடக் குறைவாகவே இருந்தது. தேநீர் நேரத்தில் உங்களிடம் அப்படிக் கேட்டவரும், ‘நான் ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனோ’ என்று வீட்டில் யோசித்திருக்கலாம்.

லத்தீன் பெயர்களை விடுங்கள். அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் அது தாய்மொழி கிடையாது. உங்கள் சாமர்செட்டிலேயே, ஈஸ்ட் லாம்புரூக்கில், மார்ஜரி ஃபிஷ் என்பவர் அமைத்த காட்டேஜ் தோட்டம் இங்கிலாந்து முழுக்கப் பேர் பெற்றது. நாற்பது வயதைத் தாண்டும்வரை அவர் செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், தோட்டத்தில் கை வைத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். காட்டேஜ் தோட்டத்து ஹாலிஹாக் பூச்செடி ஆசியாவிலிருந்து போனது, டாலியா மெக்சிகோவிலிருந்து வந்தது, நீங்களும் அப்படித்தான் என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த உவமை பிடிக்காது. டாலியாவை யாரும் தேநீர் நேரத்தில் கேள்வி கேட்பதில்லை.

இனி ஒரு கணக்கு. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் நட்பு உண்டாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆராய்ந்தார். அறிமுகமானவர் சாதாரண நண்பராகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல் என்று வந்தது. உங்கள் சங்கக் கூட்டத்தில் பெரும்பகுதி இருட்டில் படம் பார்ப்பது. பேசக் கிடைப்பது தேநீருக்கான இருபது நிமிடம். மாதாமாதம் தவறாமல் போனாலும் வருடத்துக்கு நாலு மணி நேரம்தான். அந்த 50 மணியை எட்டும்போது உங்களுக்கு எழுபது வயதாகிவிடும்! அதனால்தான், கூட்டத்தில் போய் உட்கார்ந்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வேலையைக் கேட்டு வாங்குங்கள். இப்படிப்பட்ட சங்கங்களில் கன்று விற்கும் மேசை இருக்கும், விதையை உறையில் போட்டுப் பெயர் எழுதும் வேலை இருக்கும். 1982-இல் தொடங்கிய காட்டேஜ் கார்டன் சொசைட்டியே உறுப்பினர்கள் அனுப்பும் விதைகளை வருடந்தோறும் மற்ற உறுப்பினர்களுக்குப் பகிர்கிறது. மேசையின் இந்தப் பக்கம் நிற்பவருக்கு எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்ற கவலை இருக்காது. மிளகாய்க் கன்று இரண்டை அந்த மேசையில் வையுங்கள். எவ்வளவு உறைக்கும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

கோடையில் வீட்டுத் தோட்டங்களைத் திறந்துவிட்டு நிதி திரட்டும் பழக்கம் அங்கே இருக்கிறதல்லவா, அந்த நாட்களில் தேநீரும் கேக்கும் கொடுக்க ஆள் தேடுவார்கள். 1927-இல் தேசிய தோட்டத் திட்டம் தொடங்கியபோது, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு 609 தோட்டங்களைத் திறந்தார்கள். அந்தப் பணம், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்த செவிலியர்களுக்காக. இதைப் படித்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது.

சரி, ஃபாக்ஸ்குளோவுக்கு வருகிறேன். உங்கள் மனதில் குத்திக்கொண்டிருப்பது சங்கத்தைவிட இதுதான் என்பது என் ஊகம். மாத்திரைப் பொறுப்பில் இருந்தவர் நீங்கள். இதய நோய்க்கான டிஜாக்சின் மாத்திரை கொடுக்குமுன் நாடி பார்த்திருப்பீர்கள், 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்தி வைத்திருப்பீர்கள். ஃபாக்ஸ்குளோவ் இலையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பர்மிங்காம் மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் எழுதி வைத்ததிலிருந்து வருகிற மருந்து வழி அது. இன்றைய டிஜாக்சின் எடுக்கப்படுவது அதன் நெருங்கிய உறவுச் செடியிலிருந்து. பதினைந்து வருடம் அந்த மருந்தைக் கையாண்டவருக்குச் செடியை முகம் தெரியவில்லை, அவ்வளவுதான். அது முதல் வருடம் இலை மட்டும் விட்டு, மறுவருடம் பூத்து, விதை உதிர்த்துச் சாகிற செடி. குளிர்காலத்தில் பார்த்தால் களை மாதிரிதான் இருக்கும்.

ஆகவே, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் வேலிப்பக்கம் போங்கள். அந்த அம்மாவிடம் நாடி பார்த்த கதையைச் சொல்லுங்கள். பிறகு கொஞ்சம் ஃபாக்ஸ்குளோவ் விதை கேளுங்கள். மன்னிப்புக் கேட்டால் இன்னொரு ‘பரவாயில்லை’ வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். விதை கேட்டால் எப்படித் தூவுவது என்று காட்ட அவர் உங்கள் தோட்டத்துக்குள் வரவேண்டியிருக்கும்.

மூன்று முறை போய்ப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், மகளுக்காகப் போக வேண்டாம். ஆனால் தூக்கமின்மையும் படபடப்பும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதைச் சங்கத்தின் தலையில் போடாதீர்கள். குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தரும் பேச்சுச் சிகிச்சைக்கு நீங்களே நேரடியாகப் பதிவு செய்யவும் முடியும். கணவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். அதைப் பேச ஓர் இடம் வேண்டியிருக்கலாம்.

விதைப்பு பற்றித் தோட்டம் தெரிந்த தோழியிடம் கேட்டு வைத்தேன். ஜூனில் தூவலாமாம். விதை தூசி மாதிரி இருக்கும், மண்ணால் மூடக்கூடாது, வெளிச்சம் வேண்டும். நீங்கள் பிடுங்கிக் கிளறிய இடத்தில் பழைய விதைகள் தாமாகவே முளைத்தும் வரலாம் என்கிறார். இந்த முறை கையுறை போட்டுக்கொள்ளுங்கள் அக்கா, அந்தச் செடி முழுக்க விஷம்.