கடனை மனைவியிடம் எப்படிச் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

சேலத்திலிருந்து வந்து, பெங்களூரு பீன்யாவில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். சில மாதங்களாக ஆர்டர் பாதியாகக் குறைந்துவிட்டது. இயந்திரக் கடனின் தவணை மட்டும் குறையவில்லை. அதைக் கட்ட, மனைவிக்குத் தெரியாமல் செயலி ஒன்றில் கடன் வாங்கினேன். அதை அடைக்க இன்னொன்றில் வாங்கினேன். கைபேசி ஒலித்தாலே நெஞ்சு படபடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் பிறகு உறக்கம் வருவதில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்ட மகள் மீது எரிந்து விழுந்ததிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. மனைவியிடம் சொன்னால் உடைந்துபோவாளோ என்று அஞ்சுகிறேன்.

– பெங்களூரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

படபடப்புக்கு மனக்கவலைதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்துவிடாமல், இந்த வாரமே மருத்துவரிடம் சென்று இரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துவிடுங்கள். ஆபத்து வரும்போது அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரந்து உடலை உஷார்ப்படுத்துகின்றன. அந்த ஆபத்து நாள்தோறும் கைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தால், உடல் இரவிலும் அடங்குவதில்லை. அந்த நேரத்தில் பணம் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள், குறிப்பாக மூன்றாவது செயலிக் கடன் வேண்டவே வேண்டாம்.

கடனைவிட அதை மறைத்து வைத்திருப்பதே உங்களை அதிகம் வாட்டுகிறது என்று கருதுகிறேன். உங்கள் மனைவியோ, வரவு குறைந்தது தெரியாமலே வீட்டுச் செலவைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறார். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, மகள் உறங்கிய பின் அவர் முன் வையுங்கள். "தோற்றுவிட்டேன்" என்று தொடங்காமல், "இதை நாம் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்" என்று தொடங்குங்கள். அவர் அழலாம், கோபப்படலாம். மறைத்ததற்காக வரும் அந்தக் கோபம் நியாயமானது, அதற்கு இடம் கொடுங்கள்.

தவணை தவறும் முன்பே வங்கிக்குச் சென்று, தவணைக் காலத்தை நீட்டித்துத் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பதும், மிரட்டக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் அழைப்பு வந்த நேரத்தைக் குறித்துவைத்துப் புகார் செய்யலாம்.

மகளிடம், கோபம் அவள் மீதானது அல்ல, பட்டறையில் வேலை குறைந்ததால் வந்த கவலை என்று சொல்லுங்கள். சுற்றுலாவுக்கு அனுப்ப இயலாவிட்டால் அதையும் நேராகவே சொல்லிவிடலாம்.

உறக்கமின்மை தொடர்ந்தால், உங்கள் ஊரிலேயே நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனை இருக்கிறது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும், விடியும்வரை காத்திராமல் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். அந்த அரசுச் சேவை இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.